ஜோசப் ஹௌ

கானடா தேசத்தின் கீழ்க்கரையிலே, அட்லாண்டிக் சமுத்திரத்தினுள் நீண்டு கிடக்கும் சிறு மாகாணம் நோவா ஸ்கோஷியா. அதன் தலைநகராகிய ஹாலிபாக்ஸில் 1804-ம் வருஷம் டிசம்பர் மாதம் 13-ந் தேதி ஜோசப் ஹௌ பிறந்தார். இவர் தகப்பனார் ஜான் ஹௌ பாஸ்டன் நகரத்து அச்சுத்தொழிலாளர். அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்துப் போர் புரிந்த காலத்தில், அரசரிடங் கொண்ட விசுவாசத்தினால் பிறந்த ஊரைத் துறந்து ஹாலிபாக்ஸில் வந்து குடியேறியவர். இதனை வாசகர் மனத்திலிருத்துவது நன்று. மகனுடைய வாழ்க்கையின் கடைசிப் போராட்டத்தை இதுவின்றி விளங்கிக்கொள்ளல் அரிது.

ஹௌ பள்ளிக்கூடத்தில் பயின்றது சொற்பமே. பதின்மூன்றாம் வயதில் அச்சுக்கூடத்தில் நுழைந்தார். எழுத்துக் கோப்பதும் பிழை திருத்துவதும் கிடைத்த நூல்களையெல்லாம் இராக்காலங்களில் வாசிப்பதுமே அவருக்குக் கலாசாலையாயின. 1827-ம் வருஷ முடிவில் 'நோவாஸ்கோஷியன்' என்னும் பத்திரிகையை விலைக்கு வாங்கி, குதிரைமேலேறி மாகாணமெங்கும் சுற்றிக் குடியானவர், மீன்பிடிப்போர் முதலிய சகல ஜனங்களோடும் பழகினார்.

அக்காலத்தில் ஹாலிபாக்ஸ் நகர நிர்வாகம் கவர்னரால் நியமிக்கப்பட்ட மாஜிஸ்திரேட்டுகளின் கையிலிருந்தது. வரி கொடுத்த குடிகளுக்குக் கணக்குக் கேட்க வழியில்லை. 1835-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி வெளியான பத்திரிகையில், ஜனங்கள் என்று கையொப்பமிட்ட கடிதமொன்றை ஹௌ பிரசுரித்தார். முப்பது வருஷங்களில் முப்பதினாயிரம் பவுன் வரையில் பொதுப்பணம் மாஜிஸ்திரேட்டுகளாலும் போலீசாராலும் அபகரிக்கப்பட்டதென்பது அதன் சாரம். உடனே அவர்மேல் அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. அன்றைய சட்டப்படி, எழுதியது உண்மையென்று நிரூபித்தாலும் குற்றம் நீங்காது. ஹௌ நாடிச்சென்ற வக்கீல்கள் யாவரும் வழக்கு நில்லாதென்று கையை விரித்தனர். அவரோ அவர்களிடமே சட்டநூல்களை இரவல் பெற்று, சில நாட்கள் இரவும் பகலுமாய்ப் படித்து, தாமே எதிர்வாதஞ் செய்யத் துணிந்தார். மார்ச் மாதத் தொடக்கத்தில் நடந்த விசாரணையில் ஆறேகால் மணி நேரம் பேசினார். தாம் கேட்டறிந்த முறைகேடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஜூரிகள்முன் எடுத்து வைத்தார். பிரதம நீதிபதி ஹாலிபர்ட்டன் இது சட்டப்படி அவதூறேயென்று அறிவுறுத்தியும், ஜூரிகள் பத்தே நிமிஷத்தில் குற்றவாளியல்லவென்று தீர்ப்புக் கூறினர். ஜனங்கள் அவரைத் தோள்மேல் தூக்கி வீடு கொண்டுபோய்ச் சேர்த்தனர். இத்தீர்ப்பினால் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது ஜனங்களின் மனம். நாம் பெரிதாக எண்ண வேண்டியதும் அதுவே.

மறுவருஷம் சட்டசபையில் அங்கத்தினரானார். மாகாணத்தை ஆண்டது பன்னிருவர் கொண்ட ஆலோசனைச் சங்கம். அவர்களுட் பலர் உறவினர். பலர் ஒரே வங்கியின் பங்காளிகள். அவர்கள் கூடியதும் மூடிய கதவுகளுக்குள்ளே. ஜனங்களின் பிரதிநிதிகளுக்கு உத்தரவாதமுள்ள மந்திரிசபை வேண்டுமென்று ஹௌ 1837-ல் பன்னிரண்டு தீர்மானங்களைக் கொண்டுவந்தார். 1839-ல் ஜான் ரஸ்ஸல் பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1840-ல் மேற்சொன்ன நீதிபதியின் புதல்வர் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். எதிரியின் குண்டு தப்பிற்று. ஹௌ தமது துப்பாக்கியை ஆகாயத்தை நோக்கிச் சுட்டுவிட்டுத் திரும்பினார். அத்தகைய சண்டை அறிவீனமென்பதில் ஐயமில்லை; ஆயினும் அன்று மறுத்திருந்தால் கோழையென்ற பெயர் அவர் கட்சியையே கெடுத்திருக்கும்.

1848-ம் வருஷம் பிப்ரவரி மாதம், பிரிட்டிஷ் குடியேற்றங்களுள் முதன்முதலாக, உத்தரவாத ஆட்சி நோவா ஸ்கோஷியாவில் அமைந்தது. அதற்காக ஓர் உயிரும் பலியாகவில்லை. முதன் மந்திரிப் பதவி யூனியக் என்பவருக்குச் சென்றது. உழைத்த ஹௌ காரியதரிசியாய் அமர்ந்தார். நாவின் கூர்மை அவருக்கு ஆயுதமாயிருந்தவாறே தடையுமாயிற்று. பின்னர் இருப்புப்பாதை அமைக்கும் வேலையில் ஈடுபட்டார். கத்தோலிக்கரோடு வீண்வழக்காடித் தம் கட்சிக்கு நஷ்டம் விளைத்தார். 1860 முதல் 1863 வரை முதன் மந்திரியாயுமிருந்தார்.

அதன்பின் வந்ததே பெருஞ்சோதனை. எதிர்க்கட்சித் தலைவர் டப்பர், ஜனங்களின் சம்மதத்தைத் தேர்தல் மூலமாகக் கேளாமலே, மாகாணத்தைக் கானடா ஐக்கியத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தார். ஹௌ கொதித்தெழுந்தார். டப்பரிடம் பொறாமையே காரணமென்பார் உளர், அது நியாயமன்று. குடிகளைக் கேளாமல் குடிகளை ஆளலாகாதென்பதே அவர் முப்பது வருஷமாய்ச் சொல்லிவந்தது. 1867-ம் வருஷத் தேர்தலில் கானடா பார்லிமெண்டுக்குரிய 19 ஸ்தானங்களில் 18-ஐ அவர் பக்கத்தார் கைப்பற்றினர். ஆயினும் லண்டனுக்குச் சென்று மன்றாடியும் பிரிட்டிஷ் அரசாங்கம் செவிகொடுக்கவில்லை.

இனி என் செய்வது? கலகம் செய்வோமென்றனர் சிலர். அமெரிக்காவோடு சேர்வோமென்றனர் வேறு சிலர். ஜான் ஹௌவின் மகனுக்கு இரண்டும் ஏலாதவை. மாகாணத்துக்கு அதிகப் பணவுதவி பெற்றுக்கொண்டு, 1869-ம் வருஷம் ஜனவரியில் மக்டொனால்டின் மந்திரிசபையில் அமர்ந்தார். நெடுநாள் நண்பர்கள் துரோகியென்று தூற்றினர். தெருவிலே முகங்கொடாது விலகிச் சென்றனர். கடுங்குளிர்காலத்தில் ஹாண்ட்ஸ் தொகுதி இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார்; உடலோ அன்று குலைந்தது, மீண்டும் தேறவில்லை. அவர் செய்தது துரோகமன்றென்றே நாம் கருதுகிறோம். ஆனால், முடியாததை முடியுமென்று நம்பச் செய்தவரும் அவரே. நம்பியவர்களின் கசப்பையும் குறைகூறலாகாது.

1873-ம் வருஷம் மே மாதத்தில் நோவா ஸ்கோஷியாவின் லெப்டினண்ட் கவர்னராக நியமனம் பெற்றார். எந்த மாளிகையின் அதிபதிகளோடு வாலிபகாலமெல்லாம் போராடினாரோ, அதே மாளிகையில் மூன்று வாரங்களே வசித்து, ஜூன் 1-ந் தேதி உயிர் நீத்தார். காம்ப் ஹில் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். 1835-ல் அவர் ஜூரிகள்முன் நின்று பேசிய நீதிமன்ற அறை, பிற்காலத்தில் அம்மாகாணச் சட்டசபையின் புத்தகசாலையாயிற்று. 1904-ல் அக்கட்டிடத்தின் முற்றத்தில் அவருக்கு வெண்கலச் சிலை நாட்டப்பட்டது.