நா. கோவிந்தசாமி

நா. கோவிந்தசாமி (ஏப்ரல் 18, 1946 - மே 26, 1999) சிங்கப்பூரைச் சேர்ந்த தமிழ் எழுத்தாளரும் தமிழாசிரியரும் ஆவார். தமிழ்க் கணிமை முன்னோடிகளுள் ஒருவராகவும் கணியன் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கியவராகவும் பெரிதும் அறியப்படுகிறார். வீட்டு மேசை மீதிருக்கும் தனியாள் கணினி தமிழில் எழுத உதவினால் மட்டும் போதாது, எழுதியதை மற்றொருவரிடம் சிதையாமல் கொண்டு சேர்க்கவும் வேண்டும் என்ற நோக்கில் தமது இறுதி ஆண்டுகளில் உழைத்தார். இணையம் என்னும் சொல்லைத் தமிழுக்குத் தந்தவராகவும் பலரால் குறிப்பிடப்படுகிறார்.

வாழ்க்கையும் எழுத்தும்

கோவிந்தசாமி பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக இருந்தார். தேடி, வேள்வி ஆகியன இவருடைய நூல்களுட் சில. 1994 ஆம் ஆண்டு தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது இவருக்கு வழங்கப்பட்டது. சிறுகதைகளைக் கூடிப் படித்து விவாதித்த இலக்கியக் களம் என்னும் அமைப்பில் முன்னின்று செயல்பட்டார். ஒரு கதை அச்சேறியதும் அதன் வேலை முடிந்துவிடுவதில்லை, அதனைப் படித்துப் பேசுவோர் வேண்டும் என்ற எண்ணம் இவரிடம் கணினிக்கு முன்பே இருந்தது என்பதற்கு அக்களமே சான்று.

சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதையின் தொடக்கம் குறித்தும் ஆய்வு செய்தார். மகுதூம் சாயபு ஆசிரியராக இருந்து 1887 முதல் வெளியிட்ட சிங்கை நேசன் இதழின் பழைய பக்கங்களை ஆராய்ந்து, அதில் 1888 இல் வந்த விநோத சம்பாஷணை என்னும் ஆக்கத்தைச் சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதையாக இவர் சுட்டினார். நூறு ஆண்டுகளாக எவர் கண்ணிலும் அதிகம் படாமல் கிடந்த ஓர் எழுத்தை மீட்ட பணி அது.

தனியாள் கணினியும் தமிழும்

ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணினி 1981 ஆகஸ்டில் வெளிவந்தது. அதற்கு முன்னர் தமிழில் எழுதுவோருக்கு வாய்த்த பொறி தட்டச்சுப் பொறி மட்டுமே. (அதனை உருவாக்கிய யாழ்ப்பாணத்து ஆர். முத்தையாவும் மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் வாழ்ந்தவரே என்பது கருதத்தக்கது.) தமிழின் 247 எழுத்துகளைத் தட்டச்சுப் பொறியின் சில பத்து விசைகளில் அடக்குவதற்குப் பல எழுத்துகளைத் துண்டு துண்டாக அடிக்க வேண்டியிருந்தது. கணினியில் இக்கட்டுப்பாடு இல்லை. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்து அழுத்தினால் உயிர்மெய்யை மென்பொருளே அமைத்துக்கொள்ளும். அடித்தல் திருத்தல் செய்த பக்கத்தை மறுபடியும் முழுவதுமாக எழுத வேண்டியதில்லை என்பது எழுத்தாளருக்குக் கிடைத்த மற்றொரு விடுதலை.

கனடாவில் ஸ்ரீனிவாசன் ஆதமி என்னும் மென்பொருளையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளையும் 1980களில் உருவாக்கினர். இவ்வழியில் கோவிந்தசாமி உருவாக்கியதே கணியன். சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரையும், கணித்தல் என்னும் வினையையும் ஒருங்கே நினைவூட்டும் பெயர் இது.

ஆயினும் ஆளுக்கொரு மென்பொருள் வந்தபோது புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி வேறு வேறு எண்களில் வைத்திருந்தது. தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை விளக்கலாம். இராஜபாளையத்தில் ஒருவர் தம் கணினியில் எழுதிய மடல், ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பரின் கணினியில் அதே எழுத்துரு இல்லையெனில் பொருளற்ற குறிகளாகவே தெரியும். பேருந்தில் அரைமணி நேரத்தில் கையில் கொண்டுபோய்க் கொடுக்கத்தக்க மடலை மின்வழியே அனுப்பிப் படிக்க வைக்க இயலாத நிலை அது. தமிழர் பல நாடுகளில் பரந்து வாழ்வதால் இந்த இடர் பன்மடங்காயிற்று. தனித்தனியே எழுத வல்ல கணினிகள் ஒன்றோடொன்று பேச வல்லனவாக இல்லை.

இணையத்தில் தமிழ்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவில் டான் டின் வீ தலைமையில் இயங்கிய குழுவுடன் கோவிந்தசாமி இணைந்து பணியாற்றினார். டான் டின் வீ உயிர்வேதியியல் அறிஞர், தமிழர் அல்லர். இக்கூட்டு முயற்சியால் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏற்றப்பட்டு, அக்டோபர் 27, 1995 அன்று அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங்கால் தொடங்கி வைக்கப்பட்டது. ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றுடன் தமிழும் அதில் இடம்பெற்றது. உலகளாவிய வலையில் தமிழ் தோன்றிய மிகத் தொடக்ககால நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. தமிழ் இணையத்தில் கால் வைத்தது வணிகத்துடனோ செய்தியுடனோ அன்றிக் கவிதையுடன் என்பது இவரைப் போன்ற எழுத்தாளர் அப்பணியில் இருந்ததற்குப் பொருத்தமானதே.

1997 மே 17, 18 நாட்களில் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு நடைபெற்றது. இதனை முன்னின்று நடத்தியவர்களுள் கோவிந்தசாமி முதன்மையானவர். தமிழ் மென்பொருள் வல்லுநர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து ஓரிடத்தில் அமர்ந்து, பொதுவான எழுத்துக் குறியீடும் பொதுவான விசைப்பலகையும் தேவை என்று விவாதித்தனர். ஒவ்வொருவரும் தாம் பல ஆண்டுகள் உழைத்து அமைத்த முறையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதால் உடன்பாடு எளிதில் எட்டப்படவில்லை. கணியனை உருவாக்கியவருக்கும் இது பொருந்தும்.

மறைவும் பின்னரும்

அடுத்த மாநாடு பிப்ரவரி 1999 இல் சென்னையில் நடைபெற்றது. அதனையடுத்துத் தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் எழுத்துருக் குறியீடுகளையும் தரமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஜூன் 13, 1999 அன்று ஆணை பிறப்பித்தது. அதற்குப் பதினெட்டு நாட்களுக்கு முன்னர், மே 26 அன்று, கோவிந்தசாமி தமது 53 ஆம் வயதில் காலமானார்.

2000 ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000 இயங்குதளம் ஒருங்குறித் தமிழுக்கு ஆதரவளித்தது. ஒருங்குறி பரவியபின் தனித்தனி எழுத்துருக் குறியீடுகள் வழக்கொழிந்தன. அவற்றில் எழுதப்பட்ட 1990களின் கோப்புகளை இன்று குறிமாற்றிகளின் துணைகொண்டு ஒருங்குறிக்கு மாற்றியே படிக்க இயலும்.