பெயர் சொல்லப்படாத இசைவாணர்: ஆர். கே. சேகர்

திரைப்படப் பாடலொன்று வானொலியில் ஒலிக்குமுன் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என மூவர் பெயரை அறிவிப்பது வழக்கம். வயலின் வாசித்தவர் யார், கிதார் மீட்டியவர் யார், அத்தனைக் கருவிகளையும் ஒருங்கே இயக்கியவர் யார் என்று எவரும் சொல்வதில்லை. அவ்வாறு சொல்லப்படாத பெயர்களுள் ஒன்றாய் நெடுங்காலம் இருந்தவர் ஆர். கே. சேகர். இன்று உலகறிந்த மைந்தர் ஒருவரின் தந்தை என்றே அவரைப் பலரும் அறிவர். அவர் வாழ்வை அவர்பொருட்டே எண்ணிப் பார்ப்பது தகும் எனக் கருதி, இவ்வெள்ளி விழா மலரில் எழுதுகின்றோம்.

சேகர் 1933ஆம் ஆண்டில் பிறந்த தமிழர். சென்னையில் வாழ்ந்து தொழில் புரிந்தவர். எனினும் அவருக்கு இசையமைப்பாளர் என்னும் தகுதியை வழங்கியது மலையாளத் திரையுலகமே. அந்நாளில் தென்னாட்டு மொழிப் படங்கள் பலவற்றின் பாடல்கள் கோடம்பாக்கம், வடபழனி வட்டாரத்து ஒலிப்பதிவுக் கூடங்களிலேயே பதிவாயின. ஆதலால் சென்னைக் கலைஞர் ஒருவர் ஊரைவிட்டு அகலாமலே அயல்மொழிப் படங்களில் பணியாற்ற முடிந்தது. 1964இல் வெளிவந்த 'பழசிராஜா' என்னும் மலையாளப் படத்திற்குச் சேகர் இசையமைத்தார். அதில் கே. ஜே. யேசுதாஸ் பாடிய தத்துவப் பாடல் கேரள மக்கள் நெஞ்சில் நிலைத்தது.

முதற்பாடலே புகழ் பெற்றும், இசையமைக்கும் வாய்ப்புத் தொடர்ந்து வரவில்லை. அடுத்த சில ஆண்டுகள் பிறர் இசைக்குழுக்களை நடத்துவதிலேயே பெரிதும் கழிந்தன. தேவராஜன், எம். கே. அர்ச்சுனன் முதலிய மலையாள இசையமைப்பாளர்களுக்கு அவர் துணை நின்றார். நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் இசை நடத்துநராகப் பணிபுரிந்தார்.

அப்பணி எத்தகையது என்பதை இங்குச் சற்று விளக்குதல் வேண்டும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டமைத்துத் தருவார். அம்மெட்டுக்கு முன்னிசை எது, சரணங்களுக்கு இடையே எக்கருவி எவ்விடத்தில் நுழைய வேண்டும், வயலின்கள் என்ன வாசிக்க, குழல் எங்கே ஓய, கிதார் எத்தாளத்தில் துணை செய்ய வேண்டும் என்பனவற்றையெல்லாம் வகுத்து, ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தனியே இசைக்குறிப்பு எழுதித் தருவது நடத்துநரின் கடமை. பாடகரும் கருவியிசைஞரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைக்க, முழுப் பாடலும் ஒருசேரப் பதிவான காலம் அது. ஒருவர் ஓரிடத்தில் பிழைத்தாலும் பாடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தனை பொறுப்பையும் சுமந்தவருக்குக் கிடைத்தது அந்தந்த வேலைக்குரிய ஊதியம் மட்டுமே. பாடல் பன்னூறு முறை ஒலித்தாலும் அவர் இல்லத்திற்கு மேற்கொண்டு ஒரு காசும் வருவதில்லை. இசையமைப்பாளர்க்கும் பாடலாசிரியர்க்கும் உரிமைத்தொகையை உறுதி செய்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தமே 2012இல்தான் வந்தது. அப்போது சேகர் மறைந்து 36 ஆண்டுகள் கழிந்திருந்தன.

1971இல் 'அநாத சில்பங்கள்', 'சுமங்கலி' ஆகிய படங்கள் அவரை மீண்டும் இசையமைப்பாளராக நிலைநிறுத்தின. பின்னர் 'யுத்தபூமி', 'சோட்டானிக்கர அம்ம' முதலிய படங்களிலும் இனிய பாடல்களைத் தந்தார். புதிய மின்னிசைக் கருவிகளில் அவருக்கு மிகுந்த நாட்டம் இருந்தது. ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைக் கருவிகளாக மாற்றிச் சேர்த்தார்.

1976ஆம் ஆண்டைச் சென்னை இசைக்கூடங்கள் மறத்தற்கில்லை. ஜி. கே. வெங்கடேஷின் குழுவில் கிதார் வாசித்தும் உதவியாளராய் உழைத்தும் தொழில் பழகிய பண்ணைப்புரத்து இளைஞர் இளையராஜா, அவ்வாண்டு மே மாதத்தில் 'அன்னக்கிளி' வழியே தமிழகமெங்கும் அறியப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சேகர் காலமானார். அகவை 43 மட்டுமே. மனைவி கஸ்தூரி அம்மையாரும், மூன்று பெண் மக்களும், ஒன்பது வயது மகனும் ஆதரவின்றி நின்றனர்.

கருவிகளை விற்று, வரும் வட்டியில் வாழலாம் என்று பிறர் அறிவுரை கூறினர். அம்மையார் இசையவில்லை. கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினார். மகன் வளர்ந்து அவற்றைக் கையாள்வான் என நம்பினார். அம்மகன் சிறு வயதிலேயே கூடங்களுக்குச் சென்று வாசிக்கலானான். தந்தையுடன் பணியாற்றிய அர்ச்சுனனே 1981இல் தம் படத்தில் அவனுக்கு வாசிக்கும் வாய்ப்பளித்தார். தொழிலையும் படிப்பையும் ஒருங்கே தாங்க இயலாமல் கல்வி இடையில் நின்றது. அவரே பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் ஆனார். 1992இல் 'ரோஜா' வந்தது. 2009இல் இரண்டு ஆஸ்கர் விருதுகள் வந்தன.

இவ்வரலாற்றைக் கல்விச் சங்கத்தின் மலரில் நாம் எழுதக் காரணம் உண்டு. திருவண்ணாமலையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பறையும் பேண்டு வாத்தியமும் முழங்காத நிகழ்ச்சி அரிது. வாசித்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை. கூலியை எண்ணிக் கொடுத்ததும் கணக்கு முடிகின்றது. அதற்கு மேலும் ஓர் இழிவு நம்மீது சுமத்தப்பட்டது: மற்றவர் கை பட்டால் கலை எனப்படுவது, நம் கை பட்டால் சாதித்தொழில் எனப்பட்டது. பெயரற்ற உழைப்பின் வலியை நாம் ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை.

எனினும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சேகர் மறைந்தபோது, வாடகைக்கு விடத்தக்க கருவிகள் அவ்வில்லத்தில் இருந்தன. நம் தெருவில் பறையடித்த தந்தை இறந்தால், எஞ்சுவது அவர் பட்ட கடனே. பள்ளியை விட்ட பிள்ளைகளுள் கோடியில் ஒருவர் உலகப் புகழ் பெறுவதைக் கண்டு, வறுமையே மேதைகளை வளர்க்கின்றது என்று சிலர் பேசுவர். நாம் அதனை ஏற்கோம். மற்றப் பிள்ளைகள் செங்கல் சூளைக்கும் உணவுவிடுதிக்கும் சென்று மறைந்ததை நாம் கண்டிருக்கின்றோம்.

கைத்தொழிலும் கருவியும் உடையவர் இல்லமே குடும்பத் தலைவரின் மறைவால் அவ்வளவு தளர்ந்ததெனில், ஏதுமற்ற இல்லத்தின் நிலையைக் கூறவும் வேண்டுமோ? தந்தையை இழந்த பிள்ளை, துக்க நாள்கள் கழிந்ததும் தன் வகுப்பறையில் தன் இடத்தில் மீண்டும் அமர வேண்டும். அதனை உறுதி செய்வதே கல்விச் சங்கங்களின் முதற்பணி. சேகர் தம் பிள்ளைக்குக் கருவிகளை விட்டுச் சென்றார். நாம் நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லத்தக்க கருவி கல்வியே.