வத்திராயிருப்பிலிருந்து செவ்வாய்க்கு



செவ்வாய் கிரகத்து எரிமலைக் குழம்பைப் பற்றி மலரில் எழுதப் போகிறேன் என்றதும் என் வகுப்பு நண்பன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிவகாசிப் பக்கத்துக்காரனுக்கு வெடி தெரியும், வாணம் தெரியும், செவ்வாயைப் பற்றி என்ன தெரியும் என்று கேலி பேசினான். அவனுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. செவ்வாயில் குழம்பு ஓடிய கதையை அங்குள்ள கல்லிடமே விசாரிக்க இன்று ஒரு வித்தை இருக்கிறது. அந்த வித்தையைக் கண்டுபிடித்த இரண்டு பேரில் ஒருவர் நம்ம மாவட்டத்துக்காரர். அவர்தான் கே.எஸ்.கிருஷ்ணன்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ல் வத்திராயிருப்பில் பிறந்தார். அந்தப் பக்கத்து மலைத் தண்ணீர்தான் அர்ச்சுனா நதியாக வந்து எங்கள் இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேருகிறது. அவர் அப்பா விவசாயி, ஆனால் தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம்மில் பலருக்கு வீட்டில் படித்த அப்பா கிடையாது. என் வீட்டில் முதலில் பாலிடெக்னிக் வாசலை மிதித்தது நான்தான். ஆனாலும் அவர் படித்தது நமக்குத் தெரிந்த ஊர்களில்தான். உள்ளூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக்கூடம், பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அதன் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி.

கிறிஸ்தவக் கல்லூரியிலேயே அவருக்கு வேலை கிடைத்தது. பெரிய உத்தியோகம் இல்லை, வேதியியல் துறையில் டெமான்ஸ்டிரேட்டர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். இயற்பியலோ, வேதியியலோ, கணிதமோ, யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும் உட்கார்ந்து பேசி விளக்கினார். அதைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் தேடி வந்தார்களாம்! இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய் சர் சி.வி.ராமனிடம் சேர்ந்தார். அங்கே திரவங்களைத் தூசி தும்பு இல்லாமல் சுத்தம் செய்து, சூரிய ஒளியைக் குவித்து உள்ளே பாய்ச்சி, பக்கவாட்டில் சிதறும் ஒளியைக் கண்ணால் பார்ப்பதுதான் வேலை. நாள் கணக்கில், வாரக் கணக்கில் பார்த்தார்கள். சிதறும் ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு நிறம் மாறி வருகிறது என்பது தெரிந்தது. 1928 பிப்ரவரி 28-ல் அது உறுதியானது. நேச்சர் இதழில் வந்த முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இருவர் பெயரும் இருந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது.

அந்தப் பரிசுக்கு வழக்காட நான் வரவில்லை. அதன் பிறகு கிருஷ்ணன் என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பாடம். அவர் உட்கார்ந்துவிடவில்லை. 1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகம் போய்ப் படிகங்களின் காந்தத் தன்மையை ஆராய்ந்தார். 1933-ல் கல்கத்தா திரும்பினார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1942-ல் அலகாபாத்தில் பேராசிரியர், 1946-ல் சர் பட்டம், 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1954-ல் பத்மபூஷண், 1958-ல் முதல் பட்நாகர் விருது. 1961-ல் காலமானார்.

சரி, செவ்வாய்க்கு வருவோம். ஒரு குழம்பு எவ்வளவு தூரம் ஓடும்? முதல் காரணம் அதன் பாகுநிலை, அதாவது விஸ்காசிட்டி. முதலாண்டில் இந்த வார்த்தை எனக்குப் புரியவே இல்லை. ஆங்கிலத்தில் கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். சாத்தூர் கடையில் கருப்பட்டி மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிற எங்க சித்தப்பாவைப் பார்த்த அன்றுதான் புரிந்தது. பாகு சூடாக இருந்தால் ஓடும், ஆறினால் இழுக்கும், இன்னும் ஆறினால் நின்றுவிடும். எரிமலைக் குழம்பும் அப்படித்தான். அதில் சிலிகா அதிகம் இருந்தால் கெட்டிப்பட்டு நகராது. பாதியளவே சிலிகா உள்ள பசால்ட் குழம்பு 1,100, 1,200 டிகிரி சூட்டில் இளகி ஓடும். செவ்வாயில் ஓடியது பெரும்பாலும் இந்தப் பசால்ட்தான். அங்கே ஒலிம்பஸ் என்ற எரிமலை சுமார் 22 கிலோமீட்டர் உயரம், 600 கிலோமீட்டர் அகலம். இளகிய குழம்பு வெகுதூரம் பரவியதால்தான் அது கூம்பு மாதிரி நிற்காமல் கவிழ்த்த தட்டு மாதிரிப் படுத்துக் கிடக்கிறது.

இரண்டாவது காரணம் சரிவும் வரத்தும். எங்கள் ஆற்றில் சிறு மழைத் தண்ணீர் மணலிலேயே சுவறிவிடும், மலையில் பெருமழை பெய்தால் கரை தொட்டு ஓடும். அதேபோல் ஒரு நொடிக்கு எவ்வளவு குழம்பு வெளியே வருகிறதோ, அதைப் பொறுத்து ஓட்டத்தின் தூரம் அமையும். மூன்றாவது ஈர்ப்பு விசை. செவ்வாயில் அது பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான். ஆகவே அதே குழம்பு அதே சரிவில் அங்கே மெதுவாகவும் கனமாகவும் நகரும்.

நான்காவது காரணம் காற்று. செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை. காற்று வந்து சூட்டை அள்ளிக்கொண்டு போக வழியில்லை. கொதிக்கும் மேற்பரப்பு பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் வெப்பத்தை இழக்க வேண்டும். மேலே பால் ஆடை மாதிரி ஒரு தோல் இறுகியதும் உள்ளே இருக்கும் குழம்பு சூடு குறையாமல் தூரமாகப் போகும். இங்கேதான் நான் ஆச்சரியப்பட்டேன். 1954-ல் கிருஷ்ணன் டெல்லியில் வெளியிட்ட ஆய்வு என்ன தெரியுமா? வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடேற்றிய மெல்லிய கம்பியில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பது! அவர் எரிமலையை நினைத்து அதைச் செய்யவில்லை. ஆனால் வெற்றிடத்தில் கம்பி வெப்பத்தை வீசுவதும், செவ்வாயில் குழம்பு வெப்பத்தை வீசுவதும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. நாம் படித்த அந்த நான்காம் அடுக்கு விதிதான்.

எல்லாம் சரி, செவ்வாய்க் கல்லில் என்ன கலந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? நம்ம ஊர்க்காரர்களுக்கு இது எளிது. சிவப்பாக எரிந்தால் ஸ்ட்ரான்சியம். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போடும் முன்பு, பச்சையாக எரிந்தால் பேரியம் என்று தொழிலாளிகள் கண்ணாலேயே சொல்வார்கள். 2021 பிப்ரவரி 18-ல் செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் வண்டியும் இதைச் செய்கிறது. லேசரால் கல்லில் பொறி பறக்க வைத்து, அந்த நிறத்தைப் பார்த்துத் தனிமங்களைச் சொல்கிறது. இதோடு இன்னொரு முறையும் அதில் இருக்கிறது. கல்லை எரிக்காமல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியில் நிறம் மாறிய அந்தக் கோடியில் ஒரு பங்கைப் பிடித்து, இன்ன கனிமம் என்று சொல்கிறது. ஆமாம் நண்பர்களே, 1928-ல் கல்கத்தாவில் பார்த்த அதே ஒளி!

ஏரி இருந்த பள்ளம் என்பதால் வண்டல் பாறை கிடைக்கும் என்று விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். பள்ளத்தின் தரையில் கிடைத்ததோ எரிமலைப் பாறை. ஒரு பகுதியில் குழம்பு ஓடி உறைந்த பசால்ட். இன்னொரு பகுதியில், கனத்த குழம்பு மெதுவாக ஆறும்போது பாரமான ஆலிவின் மணிகள் அடியில் தங்கிய பாறை. அந்த ஆலிவினைக் காட்டிக் கொடுத்த சாட்சிகளில் அந்தச் சிதறல் ஒளியும் ஒன்று. கிருஷ்ணன் மறைந்து அறுபது வருஷம் ஆன பிறகு அவர் உழைப்பு அங்கே போய் வேலை செய்தது. பரிசு வரவில்லை என்று அவர் மனம் விட்டிருந்தால் மற்ற ஆராய்ச்சிகள் எல்லாம் நமக்குக் கிடைத்திருக்குமா?

தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் வரும் அம்மாவின் சம்பளத்தில்தான் நான் படிக்கிறேன். வகுப்பில் சந்தேகம் கேட்க இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆங்கிலம் தப்பாகிவிடுமோ, சிரித்துவிடுவார்களோ என்ற பயம். உங்களில் பாதிப் பேருக்கும் இதே பயம் என்பது எனக்குத் தெரியும். அரியர் விழுவது அறிவு இல்லாமல் அல்ல, கேட்காமல் இருப்பதால்தான்.

எனவே மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தில் ராமன் பெயரோடு கிருஷ்ணன் பெயரையும் சொல்வோம். அத்துடன் நின்றுவிடாமல், வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் கூடுவோம். சீனியர்கள் சொல்லித் தரட்டும், ஜூனியர்கள் கேட்கட்டும், தமிழிலேயே கேட்கட்டும். முதல் வாரத்துக்கு என் கேள்வியை இப்போதே தயாராக வைத்திருக்கிறேன்.



— இரண்டாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் பிரிவு, இருக்கன்குடி