வகை வகுத்த வீரமாமுனிவர்

பொத்தேரியில் கணினி பயிலும் நம்மில் பலர் ‘இனக்குழு’ப் பாடத்தில் தடுமாறுகிறோம். முதலில் ஒரு வகையை வரையறுத்து, அதன் கூறுகளைக் குறித்து, பின்னரே அவ்வகையில் ஒவ்வொன்றாகப் படைக்க வேண்டும். இம்முறையின் சாயலை ஓர் இயேசு சபைத் துறவியின் வாழ்விலே காண்கிறோம்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680-இல் இத்தாலியில் பிறந்தார். மறைப்பணிக்காகத் தமிழகம் வந்து, தமிழ் கற்று, வீரமாமுனிவரானார். புனித சூசையப்பர் வரலாற்றைத் ‘தேம்பாவணி’யாகப் பாடினார்.

அந்நாளில் சொற்பொருள் அறிய நிகண்டுச் செய்யுள்களை மனனம் செய்ய வேண்டியிருந்தது. அவர் 1732-இல் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வகைகளை வகுத்தார். ஒரு சொல்லின் பல பொருள்கள் ‘பெயரில்’. ஒரு பொருளின் பல பெயர்கள் ‘பொருளில்’. தொகைச் சொற்களின் விரிவு ‘தொகையில்’. எதுகைச் சொற்கள் ‘தொடையில்’. அகர வரிசை முறையையும் கையாண்டார். மனனம் செய்யாதவரும் தேடிக் காண வழி பிறந்தது.

‘தொகை’யை நாம் கணினியில் எழுதினால், தலைப்பெயர் ஒரு கூறு, உறுப்புகள் மற்றொரு கூறு. முக்கனியும் ஐம்பூதமும் அவ்வகையில் பிறப்பவை.

முனிவர் இறைவனடி சேர்ந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. தோழியரே, விசைப்பலகையைத் தொடுமுன் அவரைப்போல் வகையைத் தெளிவாக வகுப்போம். தடுமாற்றம் தானே நீங்கும்.