கட்டிய கரடியைச் சுடாத ஜனாதிபதி

விருத்தாசலத்துக்குப் போகிறவர்கள் பழமலைநாதரைத் தரிசித்துவிட்டுத் திரும்பும்போது, பீங்கான் பொம்மை ஒன்றை வாங்கி வருவது உண்டு. களிமண்ணைக் குழம்பாகக் கரைக்கிறார்கள். அச்சில் வார்க்கிறார்கள். உலர்ந்ததும் சூளையில் வைத்துச் சுட்டு, வர்ணம் தீட்டுகிறார்கள். அச்சு ஒன்று அமைந்துவிட்டால், பொம்மை ஆயிரம் பிறந்துவிடும்.

உலகம் முழுவதும் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் 'டெடி' கரடிப் பொம்மைக்கும் மூல அச்சு ஒன்று உண்டு. அது பட்டறையில் உருவானது அல்ல. ஒரு வேட்டைக் காட்டில் உருவானது. அந்த வேட்டைக்குப் போனவர், அமெரிக்காவின் 26-வது ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்.

நோஞ்சான் பிள்ளை

1858-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி, நியூயார்க் நகரத்தில் செல்வக் குடும்பம் ஒன்றில் ரூஸ்வெல்ட் பிறந்தார். வீட்டில் எதற்கும் குறைவு இல்லை. ஆனால், பிள்ளைக்கு மூச்சு விடத்தான் முடியவில்லை. ஆஸ்துமா நோய்! படுத்தால் மூச்சு அடைக்கும். இரவெல்லாம் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். தந்தை நள்ளிரவில் குதிரை வண்டி பூட்டச் சொல்லி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, காற்றுக்காக வீதி வீதியாகச் சுற்றி வருவார்.

அறிவு இருக்கிறது, உடம்பு இல்லை. உடம்பை நீயேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று தந்தை ஒருநாள் கண்டிப்பாகக் கூறிவிட்டார். அன்று முதல் சிறுவன் தேகப் பயிற்சியில் இறங்கினான். குத்துச்சண்டை பழகினான். பறவைகளையும் சிறு பிராணிகளையும் சேகரித்து, வீட்டிலேயே ஒரு பொருட்காட்சி சாலை அமைத்தான்.

ஒரே நாளில் இரண்டு மரணம்

வாலிபனாகி, மணம் முடித்து, அரசியலில் காலெடுத்து வைத்த நேரம். 1884-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, அவருடைய வாழ்வில் இடி விழுந்தது. ஒரே வீட்டில், ஒரே நாளில், தாயும் போனார், மனைவியும் போனார். மனைவி பெற்ற பெண் குழந்தைக்கு வயது இரண்டே நாள்.

குழந்தையைத் தமக்கையிடம் ஒப்படைத்துவிட்டு, ரூஸ்வெல்ட் மேற்கே டகோட்டாவின் புல்வெளிக்குப் போய்விட்டார். மாட்டுப் பண்ணை வைத்தார். வேட்டையில் மனத்தைச் செலுத்தினார். அதே ஆண்டில், பிக்ஹார்ன் மலையில் மிகப் பெரிய கிரிஸ்லி கரடி ஒன்றை நேருக்கு நேர் நின்று சுட்டு வீழ்த்தினார்.

1887-ல், நண்பர்களுடன் 'பூன் அண்டு கிராக்கெட்' என்ற வேட்டைக்காரர் சங்கத்தைத் தொடங்கினார். தப்பிக்க வழி இல்லாத மிருகத்தைக் கொல்வது வேட்டை ஆகாது என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. காட்டுக்கும் ஒரு தர்மம் வைத்துக்கொண்டார் என்று கூறலாம். அந்தத் தர்மத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு சோதனை வந்தது.

வெளி மாநிலத்தில் வேட்டை

1901 செப்டம்பரில் ஜனாதிபதி மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டார். உப ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட், 42-வது வயதில் நாட்டின் தலைவரானார். அந்தப் பதவிக்கு அவ்வளவு இளம் வயதில் வந்தவர் வேறு யாரும் இல்லை.

மறு ஆண்டு, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் லட்சம் பேருக்கு மேல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். குளிர்காலம் நெருங்குகிறது, வீடுகளில் கரி இல்லை. ஜனாதிபதி இரு தரப்பாரையும் அழைத்துப் பேசி, அக்டோபரில் ஒரு முடிவு கண்டார். களைத்துப்போன அவருக்கு ஓய்வு தேவைப்பட்டது. மிசிசிப்பி மாநிலத்துக்குக் கருங்கரடி வேட்டைக்கு வரும்படி அழைப்பு வந்தது. ஒப்புக்கொண்டார்.

அவருக்குப் பழக்கமானவை மேற்குப் பகுதி மலைகள். மிசிசிப்பியோ சதுப்பு நிலம். மூங்கில் போன்ற நாணல் நெருக்கமாக மண்டிக்கிடக்கும். பத்து அடி தூரத்தில் கரடி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. வெளியூர்க்காரர் அங்கே தனியாக வேட்டையாட முடியாது. காடு அறிந்த ஒருவர் வேண்டும்.

ஏற்பாடுகள் பலமாக நடந்தன. ஸ்மீட்ஸ் என்ற ஊர் வரை ரயில். அதற்கு அப்பால் குதிரை. லிட்டில் சன்பிளவர் நதிக்கரையில் கூடாரங்கள். மோப்பம் பிடிக்க நாய்கள். ரயில்வே கம்பெனித் தலைவர் முதல் பெரிய மனிதர்கள் பலர் விருந்தினர்கள். இத்தனைக்கும் தலைமை தாங்கி வேட்டையை நடத்தப் பொறுப்பேற்றவர் ஹோல்ட் காலியர்.

அடிமையாகப் பிறந்தவர்

காலியர் கறுப்பினத்தவர். மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானரின் பண்ணைக்கு இறைச்சி கொண்டுவரச் சிறு வயதிலேயே துப்பாக்கி பிடித்தவர். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவர் வீழ்த்திய கரடிகள் 3,000-க்கு மேல் என்று சொல்வார்கள்.

ஓர் ஆண்டுக்கு முன்புதான், புக்கர் வாஷிங்டன் என்ற கறுப்பினத் தலைவரை வெள்ளை மாளிகையில் தம்முடன் உட்கார்ந்து விருந்துண்ண ரூஸ்வெல்ட் அழைத்திருந்தார். அதற்காகத் தென் மாநிலத்து வெள்ளையர் பலர் அவரைத் தூற்றினார்கள். அதே தென் மாநிலக் காட்டில், இப்போது ஜனாதிபதிக்கு வழிகாட்டியாக நின்றவரும் ஒரு கறுப்பினத்தவரே.

காலியரின் திட்டம் எளிது. ஓர் இடத்தைக் காட்டி, ஜனாதிபதியை அங்கே மறைந்து நிற்கச் சொன்னார். நாய்கள் கரடியைக் கலைத்து அந்த வழியாக விரட்டிக்கொண்டு வரும். வந்ததும் சுட வேண்டியதுதான்.

மரத்தில் கட்டிய கரடி

நவம்பர் 14-ந் தேதி. மணிக்கணக்கில் காத்திருந்தும் கரடி வரவில்லை. பசி வேளை ஆயிற்று. ஜனாதிபதியும் உடன் இருந்தவரும் கூடாரத்துக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு, காலியர் சொன்ன அதே வழியில் கரடி வந்தது!

ஓடி ஓடிக் களைத்த கரடி, நீர்நிலை ஒன்றில் இறங்கித் திரும்பி நின்று, ஒரு நாயை அடித்துக் கொன்றது. காலியர் நினைத்திருந்தால் ஒரே குண்டில் கதையை முடித்திருக்கலாம். ஆனால், அது விருந்தாளிக்கு உரிய கரடி அல்லவா? துப்பாக்கியால் அதன் தலையில் ஓங்கி அடித்தார். துப்பாக்கியின் குழலே வளைந்துவிட்டது. மயங்கிய கரடியின் கழுத்தில் சுருக்குக் கயிறு வீசி, மரத்தில் கட்டினார். கொம்பு ஊதி ஜனாதிபதிக்குத் தகவல் கொடுத்தார்.

ரூஸ்வெல்ட் விரைந்து வந்தார். எதிரே, சுமார் 235 பவுண்டு எடையுள்ள கரடி, அடிபட்டு, நனைந்து, கயிற்றில் கிடக்கிறது. சுற்றி நின்றவர்கள் சுடச் சொல்லித் தூண்டினார்கள். வந்த காரியம் அதுதான். வெறுங்கையோடு திரும்பினால் பத்திரிகைகள் கேலி செய்யும்.

ரூஸ்வெல்ட் சுட மறுத்துவிட்டார். கட்டிப்போட்ட மிருகத்தைச் சுட்டுவிட்டு, தம்மை வேட்டைக்காரர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

அவர் கரடியை அவிழ்த்துவிட்டார் என்று குழந்தைகளுக்குக் கதை சொல்வது வழக்கம். நடந்தது அது அல்ல. கரடிக்குப் பலத்த அடி. அது துன்பப்பட வேண்டாம் என்று, அதன் உயிரைப் போக்கச் சொன்னார். உடன் வந்தவர் ஒருவர் கத்தியால் முடித்தார். மேலும் சில நாள் அலைந்தும், அந்தப் பயணத்தில் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கரடியும் கிடைக்கவில்லை.

மிட்டாய்க்கடைப் பொம்மை

இரண்டே நாளில், 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் கிளிஃபர்ட் பெர்ரிமன் என்ற சித்திரக்காரர் இதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். பின்னர் அவர் திரும்பத் திரும்ப வரைந்தபோது, அந்தக் கரடி சின்னஞ்சிறு குட்டியாக மாறியது. நாடு முழுவதும் பார்த்து ரசித்தது.

நியூயார்க்கின் புரூக்ளினில் மிட்டாய்க்கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டம், ரோஸ் தம்பதியர், துணியில் கரடி தைத்துக் கடையில் வைத்தார்கள். அதற்கு ஜனாதிபதியின் செல்லப் பெயரான 'டெடி' என்பதைச் சூட்டினார்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் ஸ்டீஃப் நிறுவனமும் கரடிப் பொம்மை செய்தது. இரண்டும் சேர்ந்து உலகத்தையே பிடித்துக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், 'டெடி' என்று தம்மை அழைப்பது ரூஸ்வெல்ட்டுக்குப் பிடிக்கவே பிடிக்காது!

காட்டுக்குக் காவல்

ரூஸ்வெல்ட் வேட்டையை விட்டவர் அல்ல. 1907-ல் லூசியானாவில், அதே காலியரின் துணையுடன் ஒரு கரடியைச் சுட்டார். 1909-ல் ஆப்பிரிக்கா சென்று, பொருட்காட்சி சாலைக்காக ஏராளமான மிருகங்களைக் கொன்றார். இதை மறைக்க வேண்டியது இல்லை.

ஆனால், மிருகம் வாழக் காடு வேண்டும் என்பதை அவரைப்போல் உணர்ந்த ஆட்சியாளர் அக்காலத்தில் அரிது. 1903-ல் புளோரிடாவின் பெலிக்கன் தீவைப் பறவைகளுக்கென ஒதுக்கினார். பதவி முடிவதற்குள் 51 பறவைக் காப்பகங்கள், 150 தேசியக் காடுகள், 5 தேசியப் பூங்காக்கள்! அவர் காத்த நிலம் சுமார் 23 கோடி ஏக்கர்.

1919-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, உறக்கத்திலேயே அவருடைய உயிர் பிரிந்தது. வயது 60. காலியர் 1936 வரை வாழ்ந்தார். பொம்மைக்கு ஜனாதிபதியின் பெயர் கிடைத்தது. கயிறு வீசியவருக்கு நெடுங்காலம் ஒன்றும் கிடைக்கவில்லை. 2004-ல்தான் மிசிசிப்பியில் ஒரு வனவிலங்குக் காப்பகத்துக்கு ஹோல்ட் காலியர் பெயர் வைக்கப்பட்டது.

நம் நாட்டு மலைகளிலும் கரடி உண்டு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். நமக்குச் சட்டம் சொல்வதை, எந்தச் சட்டமும் தடுக்காத ஓர் இடத்தில், எல்லாரும் சுடு என்று தூண்டிய வேளையில், ஒரு மனிதருக்கு அவருடைய மனம் சொன்னது.

அடுத்த முறை குழந்தைக்குக் கரடிப் பொம்மை வாங்கிக் கொடுக்கும்போது, இந்தக் கதையையும் சொல்லிக் கொடுங்கள். சுட மறுத்தவரை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், கயிறு வீசிய காலியரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.