ஒளிக்குக் கணக்கு வகுத்த ஃபோங்

கணனித் திரை தட்டையானது. ஆயினும் அதிலே தோன்றும் பந்து திரண்டு நிற்கின்றது. மோட்டார் வண்டி மினுங்குகின்றது. கட்டப்படாத வீடு கட்டி முடிந்ததுபோற் காட்சி தருகின்றது. ஒளியும் நிழலும் செய்யும் மாயம் இது. வெறும் வட்டம் ஒன்றின் ஒருபுறத்தை மெல்ல இருளச் செய்தால் அது பந்தாகிவிடும் என்பதை ஓவியம் பயிலும் மாணவர் அறிவர். ஓவியர் கையாற் செய்ததைக் கணனிக்குக் கணக்காகக் கற்பித்தவருள் முன்னிற்பவர் வியட்நாமியரான புய் துவோங் ஃபோங் ஆவார்.

ஃபோங் 1942ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி ஹனோய் நகரிற் பிறந்தார். 1954ஆம் ஆண்டில் வியட்நாம் வடக்கு, தெற்கு எனப் பிரிந்தது. அவ்வாண்டே அவரது குடும்பம் பிறந்த ஊரை விட்டுத் தெற்கே சைகோனுக்குச் சென்றது. அங்கே பள்ளிப் படிப்பைத் தொடர்ந்தவர், 1964இல் பிரான்சுக்குச் சென்றார். கிரனோபிளில் விஞ்ஞானப் பட்டமும், 1968இல் துலூசில் பொறியியற் பட்டமும் பெற்று, அவ்வாண்டே பிரெஞ்சுக் கணனி ஆய்வு நிறுவனமொன்றிற் சேர்ந்தார். 1971 செப்ரெம்பரில் அமெரிக்காவின் உட்டாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். பிறந்த ஊர் நீங்கிய பின் அவர் வாழ்ந்த மூன்றாவது நாடு அது.

கணனியாற் படம் வரையும் துறைக்கு அக்காலத்தில் உட்டாவே தலைவாசலாக விளங்கியது. அங்குள்ள மாணவர் போக்ஸ்வாகன் வண்டியொன்றின் உடலிற் புள்ளிகளும் கோடுகளும் இட்டு, அதனைக் கையால் அளந்து கணனிக்குள் ஏற்றினர். வளைந்த உடலைக் கணனி சிறுசிறு தட்டை முகங்களாகவே அறியும். அப்படியே வரைந்தால் வண்டி தகரத் துண்டுகளை ஒட்டியதுபோற் காணப்படும். 1971இல் ஹென்றி கூரோ என்பவர் முகங்களின் மூலைகளில் ஒளியின் அளவைக் கணித்து, அதனை இடையிலே படிப்படியாகப் பரப்பினார். விளிம்புகள் மழுங்கின, ஆனால் ஒரு முகத்தின் நடுவே விழவேண்டிய மினுக்கம் காணாமற் போயிற்று.

ஃபோங் வேறு வழி கண்டார். ஒளியின் அளவைப் பரப்பாது, மேற்பரப்பு நோக்கும் திசையையே புள்ளிக்குப் புள்ளி கணித்தார். பின்னர் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய ஒளியைத் தனித்தனியே கணக்கிட்டார்.

அவ்வொளியை அவர் மூன்று கூறாக வகுத்ததை விளங்கிக்கொள்ள, வீட்டிலுள்ள பித்தளைக் குத்துவிளக்கையும் மண்சட்டியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எங்கும் பரவிய மங்கலான வெளிச்சம் இரண்டிலும் உண்டு, இது முதலாவது. ஒளியை நேரே நோக்கும் பக்கம் வெளுத்தும், சாய்ந்த பக்கம் இருண்டும் இருக்கும், இது இரண்டாவது. மூன்றாவது, விளக்கில் மட்டும் பளிச்சிடும் சிறு புள்ளி. நாம் தலையை அசைத்தால் அதுவும் நகரும். அப்புள்ளியின் அளவை ஓர் எண்ணால் ஆளலாம் என்று ஃபோங் காட்டினார். எண் பெரிதானால் பளபளப்புக் கூர்மையாகும். சிறிதானால் பரந்து மங்கும்.

மெய்ப்பொருளை முற்றாகப் படைத்துவிட்டதாக அவர் உரிமை கோரவில்லை. ஒரு பொருளின் நிழல் மற்றொன்றின்மேல் விழுவதைத் தம் முறை காட்டாது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அதற்கு அவருக்குக் காலமும் வாய்க்கவில்லை. மாணவராக இருந்தபோதே குருதிப் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. அது தீராதென்பதை அறிந்தே அவர் உழைத்தார். 1973இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வுக் கட்டுரை 1975 யூன் மாதம் வெளியானது. அவ்வாண்டே, 32 வயதில், அவர் மறைந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தனர். 1977இல் ஜிம் பிளின் அவரது கணக்கைத் திருத்தி விரைவாக்கினார். அதே ஆண்டில் பிராங்க் குரோவும், 1978இல் லான்ஸ் வில்லியம்சும், விழும் நிழலைக் கணிக்கும் வழிகளை வகுத்தனர். வில்லியம்சின் வழி எளிது: விளக்கு இருக்கும் இடத்திலிருந்து முதலிற் பார்; அங்கிருந்து தெரியாத இடமெல்லாம் நிழல். கட்டட மாதிரிகளும் கணனி விளையாட்டுகளும் இவ்விரு அறிவையும் இணைத்தே உயிர்பெற்றன.

இறுதியாக அவரது பெயரைப் பற்றி ஒரு சொல். புய் என்பது குடும்பப் பெயர்; ஃபோங் என்பதே அவருக்கு இட்ட பெயர். மேனாட்டு வழக்கப்படி ஃபோங்கைக் குடும்பப் பெயரென எண்ணியோர் பலர். எனினும் வியட்நாமிய மரபில் ஒருவரை இட்ட பெயராலேயே அழைப்பர். ஆகவே அவரது முறை ஃபோங்கின் பெயரால் வழங்குவது பொருத்தமே. தந்தை பெயரை முன்னே வைத்துத் தம் பெயரால் அழைக்கப்படும் நமக்கு, படிவங்களில் நேரும் இக்குழப்பம் புதிதன்று.

மாணவச் செல்வங்களே! ஊரை இழந்து, நாடு பல கடந்து, நோயோடு உழைத்த ஒருவரின் பெயர், அவர் பார்த்திராத திரைகளிலெல்லாம் வழங்குகின்றது. அடுத்தமுறை திரையில் ஒரு பந்து பளிச்சிடும்போது அவரை நினைவோம். நம் பெயரையும் திருத்தமாகச் சொல்லப் பழகுவோம்.