விழித்திரையை வரைந்த மருத்துவர்

மின்சாரம் போன இரவில் உங்கள் பாடப்புத்தகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? புத்தகம் இருப்பது தெரியும். எழுத்தைப் படிக்க முடியாது. அட்டையின் நிறமும் தெரியாது. ஏன்? விடை கண்ணுக்குள் இருக்கிறது. அந்தக் கண்ணுக்குள்ளே புகுந்து பார்த்தவர்களில் ஒருவர், சிறு வயதில் அப்பாவுக்குப் பயந்து ஒளிந்து ஒளிந்து படம் வரைந்தவர்!

அவர் பெயர் சாண்டியாகோ ரமோன் இ காஹால். பெயர் நீளம்தான், நாம் காஹால் என்றே அழைப்போம். ஸ்பெயின் நாட்டின் பெட்டில்லா கிராமத்தில் 1852 மே 1-ஆம் தேதி பிறந்தார். அப்பா மருத்துவர், மிகவும் கண்டிப்பானவர். மகனும் மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ ஓவியராக ஆசை. படம் சோறு போடாது என்று அப்பா தடுத்தார்.

குறும்புக்கும் குறைவில்லை. சொந்தமாகப் பீரங்கி செய்து பக்கத்து வீட்டுக் கதவை உடைத்ததற்காக, 11 வயதில் சிறையில்கூட இருந்திருக்கிறார்! (நீங்கள் செய்து பார்க்காதீர்கள்.) படிப்பில் கவனமில்லை என்று முடிவெட்டும் கடையிலும், செருப்புத் தைக்கும் கடையிலும் அவரை வேலைக்கு விட்டார் அப்பா.

பிறகு அப்பாவே ஒரு வழி கண்டார். எலும்புகளைக் கொண்டுவந்து உடற்கூறு கற்பித்தார். எலும்பை வரையலாம் அல்லவா? பாடம் பிடித்துப்போயிற்று! 1873-ல் காஹால் மருத்துவரானார். ராணுவ மருத்துவராகக் கியூபா சென்று, மலேரியாவால் நலிந்து திரும்பினார்.

1887-ல் மாட்ரிட் நகரில் நுண்ணோக்கி வழியே ஒரு புதுமையைப் பார்த்தார். இத்தாலி அறிஞர் கோல்கி கண்டுபிடித்த, வெள்ளி உப்பால் கறுப்பாக்கும் முறை அது. எல்லா செல்களும் கறுத்துவிட்டால் ஒன்றும் புரியாது. இதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மட்டும், வேரோடு பிடுங்கிய செடிபோல முழுசாகத் தெரிந்தன. வரையத் தெரிந்தவருக்கு வேறென்ன வேண்டும்!

நரம்பு மண்டலம் ஒட்டுப்போட்ட ஒரே வலை என்பது கோல்கியின் கருத்து. இல்லை, தனித்தனி செல்கள் என்று கண்டார் காஹால். மீன், தவளை, பறவை, பாலூட்டி என்று பல உயிர்களின் விழித்திரைகளை மெல்லிசாகச் சீவி, பார்த்துப் பார்த்து வரைந்தார். 1893-ல் அவை நூலாயின. குச்சி செல்கள் பல சேர்ந்து, அடுத்த அடுக்கிலுள்ள ஒரே செல்லிடம் செய்தியை ஒப்படைப்பதை அவர் காட்டினார்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். மனிதனின் ஒரு கண்ணில் சுமார் 9 கோடி முதல் 12 கோடி வரை குச்சி செல்கள் உண்டு. மூளைக்குப் போகும் நரம்பு இழைகளோ 10 லட்சம் சொச்சம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு இழை கிடைக்குமா? பல குச்சிகள் கூட்டாகச் செய்தி தருவதால் மங்கிய ஒளியும் நமக்கு எட்டுகிறது. ஆனால் எழுத்து துல்லியமாகத் தெரிவதில்லை. நிறம் பிரித்துக் காட்டுவது கூம்பு செல்களின் வேலை. அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும்.

1906-ல் நோபல் பரிசு கோல்கிக்கும் காஹாலுக்கும் சேர்த்தே கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், பரிசு பெற்ற உரையிலும் கோல்கி தம் வலையை விடவில்லை!

காஹால் 1934 அக்டோபரில் மறைந்தார். அடுத்த ஆண்டே டென்மார்க்கைச் சேர்ந்த ஆஸ்டர்பெர்க், மனித விழித்திரை ஒன்றில் இடம் இடமாகச் செல்களை எண்ணி வெளியிட்டார். நேராகப் பார்க்கும் மையப் புள்ளியில் குச்சி செல் ஒன்றுகூட இல்லை! அதைச் சுற்றி வளையம்போல, ஒரு சதுர மில்லிமீட்டரில் 1.5 லட்சம் வரை நெருக்கியடித்து நிற்கின்றன.

நிலா இல்லாத இரவில் மொட்டைமாடிக்குப் போனால், மிக மங்கலான ஒரு நட்சத்திரத்தை நேராகப் பாருங்கள், மறைந்துவிடும். பார்வையைச் சற்றே பக்கத்தில் நகர்த்துங்கள், மறுபடி தெரியும்.